பி.பி. மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன், இப்போது ஏழாவது வாரம். என்ன செய்வது?

துறையூர்ப் பெண்:

எல்லா அக்காக்களுக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 32 வயது. கல்யாணமாகி ஐந்து வருடம். துறையூர் பக்கம் ஒரு கிராமம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடம் முன்பு மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரத்தில் பின்மண்டையில் ஒரே வலி. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு போய்க் காட்டினால் பி.பி. 160/104. இரண்டு வாரம் கழித்தும் அதே அளவுதான். ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் உண்டு, அதனால் பரம்பரையாக வந்தது என்று சொல்லி டெல்மிசார்டன் 40 எழுதிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று. அதற்கப்புறம் 130க்கு மேல் போனதே இல்லை.

போன மாதம் நாள் தள்ளிப் போனது. வீட்டிலேயே பரிசோதித்துப் பார்த்தேன், இரண்டு கோடு. அழுதுவிட்டேன், ஐந்து வருடம் காத்திருந்தது அது. அன்று சாயந்திரமே மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக் கடை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். “மாசமா இருக்கிறவங்க இதைச் சாப்பிடவே கூடாதும்மா, குழந்தைக்கு ஆகாது” என்றார். கை நடுங்கிவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள், பி.பி.க்கு ஒரு மாத்திரையும் போடவில்லை.

நேற்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் 152/98. திருச்சியில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் முன்பதிவு செய்திருக்கிறோம். அதற்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. மாமியார் நல்லவர், என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் அவர் சொல்வது, “மாத்திரையெல்லாம் வேண்டாம், உப்பில்லாமல் சாப்பிடு, முருங்கைக்கீரை சூப் குடி, தானாக இறங்கிவிடும்.” மூன்று நாளாக உப்பில்லாச் சோறுதான். ஏற்கெனவே வாந்தி, இதில் அதுவும் இறங்க மாட்டேன் என்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கர்ப்பம் என்று தெரியாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டேனே, குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? கலைக்கச் சொல்வார்களா? வேறு பி.பி. மாத்திரை போட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், நிஜமா? மாத்திரை இல்லாமலே ஒன்பது மாதத்தைத் தள்ள முடியுமா? ராத்திரி தூக்கம் வரவில்லை. யாராவது இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


நத்தம் டீச்சர்:

தங்கச்சி, உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். 12 நாள் காத்திருக்காதே. நாளைக் காலையில் துறையூர் அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எந்த மகப்பேறு மருத்துவர் இருக்கிறாரோ அவரிடமோ போ. “எனக்கு மூன்று வருடமாக பி.பி., டெல்மிசார்டன் சாப்பிட்டேன், கர்ப்பம் தெரிந்து நிறுத்திவிட்டேன், இப்போது 152/98” என்று இந்த வரியை அப்படியே சொல். அவர்கள் கர்ப்பத்துக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார்கள். திருச்சிக்கு அந்தத் தேதியில் போய்க்கொள்ளலாம்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இந்த வகையெல்லாம் கர்ப்பத்தில் கூடாதுதான். ஆனால் அவை பெரிய கெடுதல் செய்வது நாலாம் மாதத்துக்கு மேல். குழந்தையின் சிறுநீரகம் வேலை செய்யாமல் பனிக்குட நீர் வற்றிவிடும். ஆரம்ப வாரங்களில் தெரியாமல் சாப்பிட்டதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்வதில்லை. தெரிந்த உடனே மாற்றிவிட்டு, ஐந்தாம் மாத ஸ்கேனில் உறுப்புகளை நிதானமாகப் பார்ப்பார்கள். அதனால் அந்தப் பயத்தை இன்றோடு விடு. அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி, “நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரை வாங்கிக்கொள்” என்பது. அந்தப் பாதியைச் சொல்ல ஆள் இல்லாமல்தான் நான் ஒரு பிள்ளையை இழந்தேன்.

2016இல் எனக்கு 29 வயது. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு வருடம் முன்பே பி.பி. கண்டுபிடித்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கர்ப்பம் தெரிந்ததும் உன்னைப் போலவே நானே நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டேனா, பார்க்கப் போன இடத்தில் எனக்கு பி.பி. உண்டு என்பதையே சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது மாத்திரை எழுதிவிடுவார்களே என்று பயம். முதல் முறை போனதே நாலாம் மாதம் முடியும்போது. 124/80. ஐந்தாம் மாதம் 122/78. அட்டையில் ‘நார்மல்’ என்று எழுதினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாத்திரை இல்லாமலே பி.பி. போய்விட்டது, குழந்தை வந்த ராசி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

போகவில்லை. கர்ப்பத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால் மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம், ஆறாம் மாதம் வரை பி.பி. தானாக இறங்கும், பி.பி. நோயாளிக்கும்கூட. அப்புறம் ஏறும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இறங்கின நேரத்தில் போய் நின்றேன், அவர்களும் இறங்கின அளவை மட்டும் பார்த்தார்கள்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் கால் வீங்கியது. மாசமானவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். மோதிரம் கழற்ற முடியவில்லை, முகமும் உப்பியது. ஒரு வியாழக்கிழமை பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுத்துக்கு மேல் மின்மினி பறப்பது மாதிரி தெரிந்தது. காலையிலிருந்தே தலைவலி. பள்ளியிலிருந்து நேராகப் போனால் 172/118, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். 108இல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். 29வது வாரம், அறுவைசிகிச்சை. பெண் குழந்தை, 910 கிராம். நான்கு நாள் இருந்தாள். நான் அவளைப் பார்த்தது இரண்டாம் நாள், சக்கர நாற்காலியில் போய், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று. விரலை நீட்டினேன், பிடித்தாள்.

இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இரண்டாவது முறை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும்.

2018இல் மறுபடி குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் போனேன். அந்தம்மா அன்றைக்கே மாத்திரையை லபெட்டலாலுக்கு மாற்றினார். கர்ப்பத்தில் பொதுவாகக் கொடுப்பவை மூன்று: லபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபைன், மெத்தில்டோபா. ஆஸ்துமா, வீசிங் உனக்கு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு, அவர்களுக்கு லபெட்டலால் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அது போட்ட முதல் வாரம் தலைமுடி வேரில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பயந்து போன் செய்தேன். அந்த மாத்திரைக்கு அப்படி வருவது உண்டு, போய்விடும் என்றார். போய்விட்டது.

ஏழாவது வாரத்தில் அடிப்படைப் பரிசோதனை எல்லாம் எடுக்க வைத்தார். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது, இ.சி.ஜி., எக்கோ என்கிற இதய ஸ்கேன். இப்போதே எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “எட்டாம் மாதத்தில் ஒரு எண் கூடுதலாக வந்தால், அது புதிதா பழையதா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?” என்றார். கணக்கு வாத்தியாருக்கு அது உடனே புரிந்தது. நீயும் இவற்றைக் கேட்டு எடுத்துக்கொள். ஏழாவது வாரம்தான் ஆகிறது, உனக்கு நேரம் இருக்கிறது, எனக்கு முதல் முறை அது இல்லை.

12வது வாரத்திலிருந்து ஆஸ்பிரின். எக்கோஸ்பிரின் 75, ராத்திரி இரண்டு மாத்திரை, 36வது வாரம் வரை. நச்சுக்கொடி வேர்விடுகிற காலத்திலேயே ஆரம்பித்தால் பிரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு குறைகிறது. முதல் முறை எனக்கு வந்ததே, பி.பி. எகிறி சிறுநீரில் புரதம் போவது, அதுதான் பிரீஎக்லாம்ப்சியா. பி.பி. உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது மேலே வந்து சேர்ந்துகொள்ளும், அதனால்தான் இந்த ஏற்பாடு. 12வது வாரம் வரும்போது டாக்டர் மறந்தாலும் நீ கேள். நீயாக மட்டும் வாங்கிப் போடாதே.

அப்புறம் நோட்டு. ஒரு பி.பி. மெஷின் வாங்கினேன், ஒரு கிராஃப் நோட்டு எடுத்தேன். காலை எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால். நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு இரண்டு முறை. ராத்திரியும் அதே மாதிரி. சிவப்பில் மேல் எண், நீலத்தில் கீழ் எண். வாரம் ஒரு கட்டம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 16வது வாரம் 112/68 ஆனபோது டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். 27வது வாரம் 138/88, மறுபடி கூட்டினார். 33வது வாரம் மூன்று நாள் தொடர்ந்து 146, 148, 148. இரண்டு வேளை மூன்று வேளையானது. கோடு போட்டுப் பார்த்தால் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். முதல் கர்ப்பத்தில் நாங்கள் எல்லாருமாகப் பார்த்தது அந்தக் கிண்ணத்தின் அடியை மட்டும்.

38வது வாரம் வலி வர வைத்தார்கள். முதலில் அறுவைசிகிச்சை நடந்திருந்ததால் கடைசியில் மறுபடியும் அதுவேதான் ஆனது. 2.650 கிலோ, பையன். அவன் சத்தமாக அழுதான்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். உப்பில்லாச் சோறு தேவையில்லை தங்கச்சி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் இவற்றை விடு. வீட்டுச் சமையல் உப்பு அளவாக இருக்கட்டும். வாந்தியும் உப்பில்லாச் சாப்பாடும் சேர்ந்தால் நீ சோர்ந்துவிடுவாய். முருங்கைக்கீரை நல்லது, தாராளமாகச் சாப்பிடு. மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு. மாமியாரையும் கூடவே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. என் மாமியார் அன்று கூட வந்து காதால் கேட்ட பிறகுதான், ராத்திரி ஒன்பது மணிக்கு “மாத்திரை போட்டியா” என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.


லேபர் வார்டு அம்மா:

கண்ணு, டீச்சர் சொன்னது எல்லாம் சரி. நான் 31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சேலம் பக்கம். விட்டுப்போன சிலதை மட்டும் எழுதுகிறேன்.

குழந்தை எடை குறையுமா என்று கேட்டாயே, அந்தப் பயம் உன் அலுவலகத்தில் மட்டும் இல்லை, டாக்டர்களுக்கே வெகுகாலம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 160 வரை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். 160 தாண்டினால்தான் மாத்திரை. 2022இல் அமெரிக்காவில் இதற்காகவே நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே பி.பி. உள்ள 2,408 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு 140/90க்குக் கீழே வைக்க மருந்து, மீதிப் பேருக்கு ரொம்பவும் ஏறினால் மட்டும் மருந்து. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பிரீஎக்லாம்ப்சியா, 35 வாரத்துக்கு முன்பே பிரசவம், நச்சுக்கொடி பிரிவது, குழந்தை இறப்பு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 30 பேருக்கு. மருந்து இல்லாதவர்களுக்கு 37 பேருக்கு. எடை குறைந்து பிறந்த குழந்தைகள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதனால் இப்போது 140க்குக் கீழே வை என்கிறார்கள். மாத்திரையால் வருகிற சிக்கலை விட ஏறிய பி.பி. நச்சுக்கொடியைக் கெடுப்பதால் வருகிற சிக்கல்தான் குழந்தையை வளரவிடாமல் செய்கிறது. அட்டெனலால் என்று ஒரு பழைய மாத்திரை உண்டு, அதை மட்டும் எடை குறைகிறது என்று கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். வீட்டில் அப்பாவுடைய மாத்திரை இருக்கிறதே என்று ஒருநாளும் எடுத்துப் போட்டுவிடாதே.

மூன்று மாத்திரையில் எது உசத்தி என்று கேட்பார்கள். நம் நாக்பூரில் இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பி.பி. ரொம்ப ஏறி வந்த 894 கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் வாய்வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது. மூன்றுமே வேலை செய்தன, நிஃபெடிபைன் கொஞ்சம் முன்னால். ஊசியும் மானிட்டரும் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலும் ஆரம்பிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நிஃபெடிபைன் கொடுத்தால் அப்படியே முழுங்க வேண்டும். கடிக்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைக்கக் கூடாது, ஒரேயடியாக பி.பி. இறங்கிவிடும்.

எப்போது ஓடி வர வேண்டும் என்பதைக் கணவரும் மாமியாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். 160/110 வந்தால், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் 108. எண் குறைவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் கிளம்பிவிடு. விலாவுக்குக் கீழே வலிப்பதை வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு ஆறு மணி நேரம் தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கல்லீரல் வீங்கி வருகிற வலி. நேரத்துக்கு வந்தால் வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. உடம்பெல்லாம் தீயாய் எரியும், ஆனால் அது உயிரைக் காக்கும் மருந்து. போடும்போது அழாதே, பக்கத்தில் இருக்கிற நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்.

பிரசவ நேரத்துக்கு ஒன்று. ரத்தப்போக்கு நிற்க மெத்தர்ஜின் என்று ஒரு ஊசி உண்டு, அது பி.பி. உள்ளவர்களுக்கு ஆகாது, சட்டென்று ஏற்றிவிடும். ஆக்சிடோசின் போடுவார்கள். உன் அட்டையின் முதல் பக்கத்திலேயே ‘பழைய பி.பி.’ என்று சிவப்பு மையில் எழுதச் சொல். பிரசவ அறையில் ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருகிறவர் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும். வார்டில் நான் அப்படித்தான் எழுதி வைப்பேன்.

பிரசவம் ஆனதும் முடிந்தது என்று யாரும் நினைக்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பி.பி. மறுபடி உச்சத்துக்குப் போகும். அப்போது எல்லாரும் வீட்டில் குழந்தையைச் சுற்றி இருப்பார்கள், தாயைப் பார்க்க ஆள் இருக்காது. அம்மா வீட்டுக்குப் போகும்போது மெஷினும் கூடப் போகட்டும். பிரசவ லேகியம், கஷாயம் கொடுப்பவர்கள் அதில் அதிமதுரம் சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிமதுரம் பி.பி.யை ஏற்றும். இருமலுக்குக்கூட இப்போதிருந்தே அதை வாயில் அடக்கிக்கொள்ளாதே. மூக்கடைப்புக்குக் கடையில் கொடுக்கிற சளி மாத்திரையும் அதே கதைதான்.

கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பிக்மி எண், அதாவது அரசாங்கத்தின் கர்ப்பப் பதிவு எண், போட்டுக்கொள். அதிக ஆபத்துள்ள கர்ப்பம் என்று அவர் குறித்து வைத்தால், நீ ஒரு மாதம் வராவிட்டாலும் அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். அவர்கள் தருகிற கால்சியமும் இரும்புச் சத்தும் ஒரே வேளையில் போடாதே, ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது.


பல்லடம் அப்பா:

சகோதரி, ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை, உங்கள் கணவர் படிக்க எழுதுகிறேன். என் மனைவிக்கும் இதே பிரச்சினை, பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. விசைத்தறி வேலை எனக்கு, ராத்திரி ஷிஃப்ட். ஆறாம் மாதத்திலிருந்து பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன், வாரம் 600 ரூபாய் குறைந்தது. காலையும் ராத்திரியும் பி.பி. பார்த்து எழுதுவது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். அவள் பார்த்தால் எண் கூடும்போது படபடப்பாகி அடுத்த தடவை இன்னும் கூடும். நான் பார்த்து எழுதி மூடி வைத்துவிடுவேன். 140 தாண்டினால் மட்டும் சொல்வேன்.

பிரசவமாகி ஐந்தாம் நாள் ராத்திரி 166/108. தலைவலி என்று அவள் சொல்லவே இல்லை, தூக்கம் கெட்டதால் என்று நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூட்டிப்போய் இரண்டு நாள் இருந்து மாத்திரை மாற்றி வந்தோம். பால் கொடுக்கும்போது போடக்கூடிய மாத்திரைதான், எனலாப்ரில். கர்ப்பத்தில் கூடாது என்றதைப் பிரசவத்துக்கு அப்புறம் கொடுக்கிறார்களே என்று சண்டைக்கே போனேன். பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும், குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள்.


துறையூர்ப் பெண்:

அக்கா, அம்மா, அண்ணா, மூன்று பேருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டீச்சரக்கா, உங்கள் பாப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே போனோம், மாமியாரும் வந்தார். நீங்கள் சொன்ன வரியை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை, “நிறுத்தினது சரி, வராமல் இருந்ததுதான் தப்பு” என்றார். அன்று 154/100. லபெட்டலால் 100 காலை, ராத்திரி. ஸ்கேனில் இதயத் துடிப்பு பார்த்தோம். மாமியார் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எடுத்தாயிற்று. எக்கோவுக்குத் திருச்சி போக வேண்டும். கலைப்பது பற்றி நான் கேட்டதற்கு, “எதற்கு?” என்று ஒரே வார்த்தைதான். 12வது வாரம் எந்தத் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன், ஆஸ்பிரின் கேட்க.

இன்று ஆறாவது நாள். தலையில் எறும்பு ஊர்கிறது, முன்பே சொன்னதால் பயப்படவில்லை. ஒரே ஒரு சந்தேகம். மெஷின் வாங்கிவிட்டோம். ஆஸ்பத்திரியில் 138 காட்டிய அன்று வீட்டில் 150 காட்டுகிறது. மூன்று நாளாக இதே மாதிரி 10, 12 கூடவே இருக்கிறது. மெஷின் கோளாறா? மாத்திரையைக் கூட்டச் சொல்ல வேண்டுமா?


நத்தம் டீச்சர்:

கலங்காதே. சாதாரணமாக வீட்டில் பார்க்கும்போது ஆஸ்பத்திரியை விடக் குறைவாகத்தான் காட்டும். ஆஸ்பத்திரி 140/90 என்றால் வீட்டில் 135/85 என்று கணக்கு. உனக்குத் தலைகீழாக இருப்பதால் முதலில் கைப்பட்டையைப் பார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு தையல் டேப்பால் சுற்றளவு எடு. மெஷினோடு வருகிற பட்டையில் 22 – 32 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும். உன் கை அதற்கு மேல் இருந்தால் அந்தப் பட்டை இறுக்கிப் பிடித்து பி.பி.யைக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும். ஜாக்கெட் கையின் மேலேயே கட்டுகிறாயா என்றும் பார், வெறுங்கையில் கட்ட வேண்டும்.

அப்படியும் கூடவே காட்டினால் அடுத்த தடவை மெஷினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. அவர்கள் மெஷினில் ஒரு தடவை, உன்னுடையதில் ஒரு தடவை, அதே கையில், அதே நாற்காலியில். வித்தியாசம் எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. அதுவரை மாத்திரையை நீயாகக் கூட்டாதே, குறைக்காதே. ஆனால் வீட்டு மெஷினில் 160 வந்தால் மெஷின்மேல் பழி போடாமல் கிளம்பிவிடு.


துறையூர்ப் பெண்:

அளந்துவிட்டேன் அக்கா, 34 செ.மீ. அவர் பெரிய பட்டை வாங்கத் துறையூருக்குப் போயிருக்கிறார்.